சட்டைப் பையில் இருந்த சம்மதம்

ஜவஹர் எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதலில் பைக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். சட்டையோ, பேன்ட்டோ, பள்ளிக்கூட யூனிஃபார்மோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். அப்புறம்தான் தண்ணீர் தெளிப்பது, அப்புறம்தான் இஸ்திரிப் பெட்டி. மந்தைவெளியில் ஸ்ரீநிதி அடுக்ககத்தின் மதிலோரம், பூவரச மரத்தடியில் அவருடைய இஸ்திரி வண்டி நிற்கிற இந்த இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பைகளிலிருந்து என்னென்னவோ வந்திருக்கிறது. ஐந்நூறு ரூபாய்த் தாள், மருந்துச் சீட்டு, காது கேட்கிற கருவி, ஒருமுறை ஒரு பல் செட். எது வந்தாலும் ஊக்கு குத்தியோ பொட்டலம் கட்டியோ மடித்த துணிக்கு மேலேயே வைத்துவிடுவார். அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்கிற ஆளும் இல்லை.

இந்தப் பழக்கம் நல்லெண்ணத்தில் வந்ததில்லை, பயத்தில் வந்தது. இளவயதில் கோடம்பாக்கத்தில் ஒரு சினிமா கம்பெனியின் உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் ஷூட்டிங்குக்கு நேரமாயிற்று என்று ஆளாளுக்குத் தலைமேல் நிற்க, கதாநாயகனின் வெள்ளைச் சட்டையைப் பை பார்க்காமல் தேய்த்துவிட்டார். பைக்குள் பேனா. மை உருகி நெஞ்சு முழுக்க நீலம். அதே மாதிரி இன்னொரு சட்டை கிடையாது. அன்றைய ஷூட்டிங் போயிற்று, கூடவே ஜவஹரின் ஆறு வருட வேலையும் போயிற்று. அப்புறம் கடன்பட்டு ஒரு வண்டி செய்து, மயிலாப்பூர் முழுக்க இடம் தேடி அலைந்தார். எந்த மூலைக்குப் போனாலும் அங்கே ஏற்கெனவே ஒருத்தர் வேர் விட்டிருந்தார். கடைசியில் கிடைத்தது இந்த மதிலோரம்தான்.

இப்போது அந்த மதிலோரத்துக்கு ஆபத்து. ஆபத்து என்று சொன்னால் அடுக்ககத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்களுக்கு அது நல்ல காரியம். உள்ளதைச் சொன்னால் நல்ல காரியமேதான். அந்த நடைபாதை இருந்த லட்சணம் அப்படி. கால்வாய் மூடி ஒன்று அமுங்கி, ஒன்று எம்பி, நடக்கிறவர்கள் பாதி வழியில் ரோட்டில் இறங்கித்தான் ஏறவேண்டும். முதல் மாடியில் இருக்கும் கிளாடிஸ் டீச்சர், முப்பத்துநாலு வருடம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், ஆடி மாதத்தில் ஒருநாள் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வரும்போது அந்த மூடியில் இடறி விழுந்தார். பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கியது ஜவஹர்தான். டீச்சரின் வலது மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு.

அதற்கப்புறம் அடுக்ககத்தின் செயலாளர் அனந்தராமன் சும்மா இருக்கவில்லை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது. வார்டு ஆபீசுக்கு நடையாய் நடந்து ஒரு வழி கண்டுபிடித்து வந்தார். புது நடைபாதை போடும் செலவில் பாதி மாநகராட்சி, மீதிப் பாதி தெருவைப் பார்த்த வீட்டுச் சொந்தக்காரர்கள். பதினாலு வீட்டுக்காரர்களும் சம்மதக் கையெழுத்துப் போட்டு, வரும் இருபதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் கூட்டம், இந்தப் பக்கம் ஜவஹரின் வண்டி. எல்லாம் காதில் விழுந்தது.

"பாதிக் காசு நாம கொடுக்கறோம்னா பாதி பிளாட்பாரம் நம்மதுதானே சார்?" இது மூன்றாம் மாடி ஜெயராம். "மதில் ஓரமா வரிசையா செடித் தொட்டி வெச்சிடலாம். பாக்கவே நல்லா இருக்கும்."

"செடி கெடக்கட்டும். ஆக்கிரமிப்பு எதுவும் இருக்கப்படாதுங்கறா. அதுக்கும் நாமதான் எழுதிக் குடுக்கணுமாம்" என்றார் அனந்தராமன்.

"அப்ப அந்த இஸ்திரி..." என்று யாரோ ஆரம்பித்தார்கள். உடனே யாரோ உஷ் என்றார்கள். அதற்கப்புறம் குசுகுசுதான். ஜவஹர் பெட்டியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

அன்றிலிருந்து மூன்று வாரம் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது ஒருத்தர் முகத்துக்கு நேராக, வண்டியை எடு என்று சொல்லியிருந்தால் கூட அழுது தீர்த்திருப்பார். ஒருத்தரும் சொல்லவில்லை. துணி மூட்டையைக் கொடுத்தார்கள், மரத்தைப் பார்த்தார்கள், போனைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். தெருவியாபாரிகளுக்கு அடையாள அட்டை கொடுக்கப் பெயர் எழுதிய முகாம் நடந்த சமயத்தில் ஜவஹர் டைபாய்டில் படுத்திருந்தார். ஆகவே காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் கையில் கிடையாது.

தாங்க முடியாமல் ஒருநாள் அனந்தராமனையே நிறுத்திக் கேட்டார்.

"சார், பிளாட்பாரம் புச்சா போட்டா என் வண்டி இன்னா ஆவும் சார்?"

அனந்தராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்துக்கலாம்பா."

பாத்துக்கலாம்! இந்த ஊரில் இதைவிட பயங்கரமான வார்த்தை ஒன்று உண்டா? மறுநாள் காலையில் ஜவஹர், ராத்திரியெல்லாம் யோசித்ததைத் திரட்டிக்கொண்டு மறுபடியும் போனார்.

"சார், செலவுல எனக்கும் ஒரு பங்கு போடுங்க. கொஞ்சம் கொஞ்சமா குடுத்துர்றேன். பங்கு குடுத்தவங்களுக்குப் பாத்தியதைன்னு மூணாவது மாடி சார் சொல்லிக்கினு இருந்தாரே."

அனந்தராமன் உண்மையிலேயே சங்கடப்பட்டார். "அப்படியெல்லாம் முடியாதுப்பா. ஃபாரத்துல ஒவ்வொரு பேருக்கும் கதவு நம்பர் போடணும்."

"எனக்கு ஏது சார் கதவு?" என்று சொல்லிவிட்டு ஜவஹர் திரும்பி வந்துவிட்டார்.

இருபதாம் தேதி வந்தது. ஜவஹரின் மனைவி தேசம்மா வழக்கம்போல மாடிமாடியாக ஏறி மூட்டைகளை வாங்கிவந்து வண்டியில் போட்டாள். அனந்தராமன் வீட்டு மூட்டையில் மேலாக இருந்தது ஒரு வெள்ளை அரைக்கைச் சட்டை. ஜவஹர் பைக்குள் விரலை விட்டார். நாலாய் மடித்த காகிதம் வந்தது.

மனுஷர் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? கடைசி இரண்டு கையெழுத்தை முதல்நாள் வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று சட்டைப் பையில் வைத்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டிருக்கிறார். அதுவும் துவைத்துக் காய்ந்ததுதான் என்று நினைத்த வீட்டம்மாள், மற்ற துணிகளோடு இஸ்திரிக்கு அனுப்பிவிட்டாள். ஆபீஸ் காகிதத்தைப் பைலில் வைக்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. நாற்பது வருட ரயில்வே உத்தியோகமும் சட்டைப் பையில்தான் நடந்திருக்கும் போலிருக்கிறது.

ஜவஹர் எட்டாவது வரை படித்தவர். காகிதத்தைப் பிரித்து வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. 'எங்கள் கட்டடத்தின் முன்புள்ள நடைபாதையில் கடையோ, வண்டியோ, வேறு எந்த ஆக்கிரமிப்போ இல்லை என்று உறுதி கூறுகிறோம்.' கீழே பதினாலு கையெழுத்து. ஒவ்வொரு பெயருக்கும் உரியவரின் சட்டை அளவு அவருக்கு மனப்பாடம். எவருக்குக் கஞ்சி பிடிக்கும், எவருக்கு மடிப்பு கத்தி மாதிரி நிற்கவேண்டும் என்று தெரியும். கடைசியில் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. மாவுக்கட்டுக் கையோடு டீச்சர் இடது கையால் போட்டது. அதைப் பார்த்ததும் ஜவஹருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூக்கிவிட்டவனை இல்லை என்று எழுத இடது கையாலாவது போட்டிருக்கிறாரே!

தேசம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்க வராது, புருஷன் முகத்தைப் படிக்க வரும். விஷயத்தைக் கேட்டதும் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"பொட்டிக் கரியில போடுய்யா."

"தே, சும்மா கெட."

"இன்னா சும்மா கெட? பையில இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அஞ்சு மணி தாண்டிச்சுன்னா ஒரு வருசம் நிம்மதி. உன் முட்டிய வெச்சிக்கினு இனிமே எந்தத் தெருவுல போயி எடம் தேடுவே நீ?"

ஜவஹர் காகிதத்தைக் கரியிலும் போடவில்லை, மடித்து ஊக்கும் குத்தவில்லை. வண்டிக்கு அடியில் பழைய துணிக்குக் கீழே வைத்தார். கை வேலை செய்தது, கண் அடிக்கடி அந்தத் துணிக்கே போயிற்று.

இரண்டு மணிக்கு அனந்தராமன் இறங்கி வந்தார். வேட்டி ஒருபக்கம் இழுபட, தலையெல்லாம் தூசி. "ஜவஹர், ஒரு கடுதாசியைக் காணும்பா. ஆத்துல பீரோ, பூஜை அலமாரி ஒண்ணு விடாம கொட்டிப் பாத்தாச்சு. என் வெள்ளைச் சட்டைல ஏதாவது இருந்துதா?"

இருபத்திரண்டு வருடத்தில் ஜவஹரிடம் யாரும் இப்படிக் கேட்டதே இல்லை. கேட்கவேண்டி வந்ததே இல்லை.

"இல்ல சார்" என்றார்.

அனந்தராமன் ஒரு நொடி கூடச் சந்தேகப்படவில்லை. "நீ இல்லேன்னா இல்லதான்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். அந்த ஒரு பேச்சு ஜவஹரைப் பிடித்து உலுக்கிவிட்டது. திட்டியிருந்தாலும் பரவாயில்லை, அடித்திருந்தாலும் பரவாயில்லை. பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது, அவருக்கு உள்ளங்கை சில்லிட்டுப் போயிருந்தது. மூன்று மணி வரைக்கும் ஒரே தலையணை உறையை நாலு தடவை தேய்த்தார்.

மூன்றரைக்குக் கிளாடிஸ் டீச்சர் மருந்துக் கடைக்குக் கிளம்பினார். அமுங்கின மூடி வந்ததும் ரோட்டில் இறங்கினார். பின்னாலேயே ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு உரசினாற்போல் போயிற்று. டீச்சர் பதறிப்போய் இடது கையால் இஸ்திரி வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடெல்லாம் வெளுத்துவிட்டது. ஜவஹர் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்.

"ஒண்ணுமில்ல ஜவஹரு, ஒண்ணுமில்ல" என்றார் மூச்சு வாங்கியபடி. "இந்தப் பிளாட்பாரம் சரியாகற வரைக்கும் உன் வண்டிதான் எனக்குக் கைப்பிடி."

"ஃபாரத்துல கையெழுத்துப் போட்டீங்களா டீச்சரம்மா?" ஜவஹரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இடது கையால போட்டேன். என்ன எழுதியிருந்ததுன்னு யாருக்குத் தெரியும்? கண்ணாடி மாடியில இருந்தது. பிளாட்பாரம் வந்தாப் போதும்னு போட்டுட்டேன்ப்பா. இன்னொரு தடவ விழுந்தா எனக்கு எந்திரிக்க முடியாது."

டீச்சர் மெதுவாக நடந்து தெருமுனை திரும்பும்வரை ஜவஹர் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் வண்டிக்கு அடியில் குனிந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். கசங்கியிருந்தது. மேலே ஒரு மல் துணியைப் போட்டு, பெட்டியை லேசாக ஓட்டி, மடிப்பெல்லாம் போகும்படி தேய்த்தார். தேசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டையையும் தேய்த்து, காகிதத்தை அதன்மேல் ஊக்கு குத்தி, எப்போதும் தேசம்மா ஏறும் படியைத் தானே ஏறினார்.

காகிதத்தைப் பார்த்ததும் அனந்தராமனுக்கு உயிர் வந்தது. "எங்கேப்பா இருந்தது?"

"பையிலதான் சார் இருந்துச்சு. நீங்க கேட்டப்போ இல்லன்னு சொன்னேன். பொய்."

"நீயா? ஏன்பா அப்படிச் சொன்னே?"

"பதினாலு பேரும் படிச்சவங்க, நான் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கீறீங்களே சார். நான் மட்டும் ஒரு தாட்டி இல்லன்னு சொன்னா இன்னா?"

அனந்தராமன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் கையாலேயே பூர்த்தி செய்த படிவத்தை மறுபடியும் படித்தார். முகம் சிவந்துவிட்டது. பேனாவை எடுத்து அந்த வரியில் 'வண்டியோ' என்ற சொல்லை அடித்தார். பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்: 'ஓர் இஸ்திரி வண்டி உண்டு. இருபத்திரண்டு வருடமாக நிற்கிறது. பெயர் ஜவஹர்.'

ஜவஹருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, எழுதாதீங்க சார்! எழுதினா வண்டிய அள்ளிக்கினு போற கார்ப்பரேஷன் லாரியத்தானே அனுப்புவாங்க! இல்லன்னு சொன்னீங்கன்னுதான் வருத்தப்பட்டேன், இருக்கேன்னு மாட்டிவுடச் சொல்லல சார்!"

"பொய் எழுதிக் குடுத்துட்டு இந்தச் சட்டையை நான் எப்படிப்பா போட்டுக்கறது?" என்று சொல்லி, சூடு ஆறாத சட்டையை மாட்டிக்கொண்டு அனந்தராமன் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். மணி நாலே முக்கால்.

அடுத்த ஐந்து நாள் எப்படிப் போயிற்று என்று ஜவஹரைத்தான் கேட்கவேண்டும். தெருவில் எந்த லாரிச் சத்தம் கேட்டாலும் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். தேசம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள், அது திட்டுவதைவிட மோசம். போதாக்குறைக்கு ஜெயராம் வேறு படிக்கட்டில் அனந்தராமனை மறித்து, எங்களைக் கேட்காமல் எப்படித் திருத்தலாம் என்று சத்தம் போட்டதை மொத்தத் தெருவும் கேட்டது.

ஆறாம் நாள் காலை வார்டு பொறியாளர் வந்தார். இளவயதுப் பெண், கையில் டேப், கக்கத்தில் பைல். பைலுக்குள் அந்தப் படிவம். ஒன்றும் பேசாமல் நடைபாதையை அளந்தார், வண்டியை அளந்தார், மதிலை அளந்தார். கேட்டைச் சுற்றி வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஜவஹர் ஜெயராமின் ஊதா சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்தார் என்றா சொல்வது, கை பாட்டுக்கு ஓடியது, மனுஷர் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடைபாதை எட்டடி. ஜனங்க நடக்க ஆறடி விட்டாகணும்" என்றார் பொறியாளர். "வண்டி மூணரை அடி. ஒன்றரை அடி உதைக்குது. ஆனா இங்க மீட்டர் பெட்டிக்கிட்ட உங்க மதில் ஒன்றரை அடி உள்ள தள்ளி இருக்கு. அது உங்க பட்டா இடம். அதை வண்டிக்கு விட்டுக் கொடுக்கறீங்கன்னா நான் வரைபடத்துலயே காட்டிடறேன். இல்லன்னா எடுத்துடச் சொல்லித்தான் எழுதணும். இந்தத் திருத்தத்துல ஒருத்தர் கையெழுத்துதான் இருக்கு. பதினாலு பேரும் போடணும்."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. முதலில் கையை நீட்டியது கிளாடிஸ் டீச்சர். இந்தமுறை கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, இடது கையால் போட்டார். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் ஜவஹரைப் பார்த்துச் சிரித்தார்கள், சிலர் பார்க்கவில்லை. போட்டார்கள், அதுதான் கணக்கு. பதின்மூன்று ஆயிற்று. ஜெயராம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தொட்டி வைக்கலாம்னு சொன்ன எடமே அதுதான்" என்றார்.

பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஜெயராம் ஒரு பெருமூச்சு விட்டு, சட்டைப் பையைத் தடவினார். "பேனா இல்ல."

"உங்க பேனா எங்கிட்ட கீது சார்! இந்தச் சட்டைப் பையில இருந்துச்சு!" ஜவஹர் வண்டிக் கோடியில் இருந்த தகர டப்பாவுக்குத் தாவினார். பேனாவை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஜெயராம் கையில் கொடுத்தார். ஜெயராம் காகிதத்தை மதில்மேல் வைத்துக் குனிந்தார். பேனா முனை தாளைத் தொடவில்லை, அதற்குள் தீய்ந்த வாசனை குப்பென்று அடித்தது.

முப்பது வருடத் தொழிலில் செய்யாததை ஜவஹர் செய்திருந்தார். பெட்டியை நிமிர்த்தி வைக்காமல் சட்டைமேலேயே விட்டுவிட்டு ஓடிவந்திருந்தார்.

ஜெயராம் நிமிர்ந்தார். மூக்கை உறிஞ்சினார். "என்ன வாசனை? என் சட்டைக்கு ஏதாவது ஆச்சா?"

கூட்டத்துக்குப் பின்னால் தேசம்மா கண்ணாலேயே கெஞ்சினாள், இல்லன்னு சொல்லு, கையெழுத்துப் போடற வரைக்கும் இல்லன்னு சொல்லு என்று. ஜவஹர் அவளைப் பார்த்தார். அனந்தராமனைப் பார்த்தார்.

"ஆச்சு சார்" என்றார். "முதுகுல. பொட்டி அளவுக்கு."

ஜெயராம் வேகமாக நடந்துவந்து சட்டையைத் தூக்கிப் பிடித்தார். ஊதாத் துணியின் நட்டநடுவில் இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் ஓட்டை, அதன் வழியாகப் பூவரச மரம் தெரிந்தது. ஜவஹர் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தார்.

"போன மாசம்தான்யா வாங்கினேன்!" என்று கத்தினார் ஜெயராம். கத்திவிட்டு விடுவிடுவென்று மதிலுக்குப் போய், கோபத்தில் தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்தைப் போட்டார். பைலைப் பொறியாளர் கையில் திணித்துவிட்டு ஜவஹரிடம் திரும்பி விரலை ஆட்டினார்.

"நீ இங்கயே நின்னாத்தானே இந்தச் சட்டைக்கு நான் உன்கிட்ட பதில் கேக்க முடியும்?"